பெருமீனுக்கு ஏற்ற துணை

கொழும்பு மாநகரில் வீட்டுத் தோட்டம் பலருக்கு எட்டாத செல்வமாகிவிட்டது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையே எழுந்து நிற்கும் மாடி வீடுகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருங்கிய ஒழுங்கைகளிலும் வாழும் குடும்பங்கள் ஆடு மாடு வளர்ப்பதற்கு இடமேது? ஆயினும், உயிர்களோடு உறவாட விரும்பும் மனித உள்ளம் அதற்கும் ஒரு வழியைக் கண்டுகொள்கிறது. கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டி ஒன்று இடம்பெறுகின்றது. அதனுள் வண்ண மீன்கள் நீந்துகின்றன. நாள் முழுதும் உழைத்துக் களைத்து வந்தவர் அதன் முன் அமர்ந்து சற்று இளைப்பாறுகின்றார்.

இத்தகைய வீடுகளில் ஒரு நிகழ்ச்சி அடிக்கடி நடைபெறுவதுண்டு. பரீட்சையில் நன்கு சித்தியெய்திய சிறுவன் ஒருவனைத் தந்தையார் மீன் கடைக்கு அழைத்துச் செல்கின்றார். அங்கே ஒஸ்கார் எனப்படும் மீன் குஞ்சுகள் இரண்டு, நியோன் டெட்ரா ஐந்து, தங்கமீன் இரண்டு, தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று சொல்லப்படும் கெளுத்தி ஒன்று, ஆகப் பத்து மீன்களை வாங்கி வருகின்றனர். அவற்றுள் எதுவும் இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்டதன்று. இரண்டு அடி நீளமான தொட்டியில் அவை யாவும் ஒற்றுமையாகவே உலாவுகின்றன. மூன்று மாதங்களுக்குள் நியோன் மீன்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பின்னர் தங்கமீன்களின் வால் கிழிகின்றது. ஆண்டு முடிவில் எஞ்சுவன மூன்றே: ஓர் அடியை எட்டிக்கொண்டிருக்கும் ஒஸ்கார் ஒன்று, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் அதன் உடன்பிறப்பு, கண்ணாடியைப் பற்றியபடி வளர்ந்துகொண்டே போகும் கெளுத்தி. இனி அவற்றை என்ன செய்வது என்று தந்தையார் திகைக்கின்றார். வாளியொன்றில் இட்டு வெள்ளவத்தைக் கால்வாயில் விட்டுவிடலாமா என்ற எண்ணமும் அவருக்குத் தோன்றுகின்றது.

இத்துன்பம் யாவும் மீனின் கொடுமையால் விளைந்ததன்று. எந்த மீனை எதனோடு சேர்ப்பது என்பதைக் கடையில் கண்ட அளவைக்கொண்டு தீர்மானித்ததே இதற்குக் காரணமாகும். வளர்ந்து முதிர்ந்த மீனை மனத்தில் கண்டு தேர்ந்திருப்பின் இந்நிலை நேர்ந்திராது.

ஒஸ்கார் மீன் சிக்லிட் என்னும் பெருங் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்பெயர் புதிதாகத் தோன்றினும், இக்குடும்பத்தை அறியாதார் இலங்கையில் அரியர். 1952-ஆம் ஆண்டு உணவுக்காக ஆபிரிக்காவினின்று இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களிலெல்லாம் பெருகிய திலாப்பியா ஒரு சிக்லிட். சிங்களத்தில் கொரலியா என்றும், தமிழ்நாட்டில் செத்தகெண்டை என்றும், கேரளத்தில் கரிமீன் என்றும் வழங்கும் களப்பு மீனும் ஒரு சிக்லிட். தென் அமெரிக்கா, ஆபிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் நீர்நிலைகளில் இக்குடும்பம் பரந்து வாழ்கின்றது.

இம்மீன்களின் தலையாய பண்பு மக்கட் பேணலாகும். பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதும் அகன்றுவிடும். சிக்லிட் மீன்களோ முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கூட்டமாக நடத்திச் சென்று வளர்க்கும். பல இனங்களில் தாயும் தந்தையும் சேர்ந்தே இக்கடமையை ஆற்றுகின்றன. குஞ்சுகளைக் காக்க வேண்டுமாயின் ஓர் இடத்தைத் தமதாக்கிக்கொண்டு, அங்கு நுழையும் பிறரைத் துரத்த வேண்டும். ஆகவே, இம்மீன்களிடம் காணப்படும் போர்க்குணம் பெற்றோர் அன்பின் மறுபக்கமேயாகும். ஆற்றிலே துரத்தப்பட்ட மீன் நூறடி அப்பால் ஓடித் தப்பித்துக்கொள்ளும். நான்கடித் தொட்டியில் அது எங்கே ஓடும்? இவ்வொரு வினாவை மறவாதிருந்தால், துணை மீன்களைத் தேரும் கலையில் பாதி கைவந்ததாகும்.

துணை தேர்வதற்கு அளவு, நீர், சுபாவம் என்னும் மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, அளவு. ஒஸ்கார் அமேசன் ஆற்றுப் பிரதேசத்துக்குரிய மீன். இளமையில் நல்ல உணவு கிடைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் வளர்ந்து, ஈற்றில் 30 சென்ரிமீற்றரை அடையும். பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். தன் வாயில் அடங்கும் எதனையும் அது உணவென்றே கருதும். எனவே, நியோன், கப்பி போன்ற சிறு மீன்களை அதனுடன் விடுவது அவற்றை இரையாக இடுவதற்கு ஒப்பாகும். உடலில் முள் தாங்கிய சிறு கெளுத்திகளை விழுங்க முயன்று, முள் தொண்டையில் சிக்கிப் பெருமீனே மாண்டுபோவதும் உண்டு. தங்கமீன் உருவில் பெரிதாயினும் உகந்த துணையன்று. அது குளிர்ந்த நீரை விரும்புவது, அசைவில் மந்தமானது, அன்றியும், அதன் உடலிலுள்ள ஒருவகை நொதியம் உயிர்ச்சத்து பி1-ஐ அழிக்கவல்லது. தங்கமீனையே தொடர்ந்து தின்னும் மீனுக்கு ஊட்டக்குறை நேரிடும்.

மீனின் அளவோடு தொட்டியின் அளவும் எண்ணப்பட வேண்டும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி 56 லீற்றர் நீரையே கொள்ளும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உடையது ஏறத்தாழ 255 லீற்றர் கொள்ளும். இதுவே வளர்ந்த ஒஸ்கார் ஒன்றுக்குப் போதுமான சிறுமையெல்லை. அதற்குத் துணைகளையும் சேர்க்க விரும்புவோர் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உடைய தொட்டியை நாடுதல் நன்று. அது 680 லீற்றர் அளவு நீர் கொள்ளும். ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். கண்ணாடி, மணல், கல், தாங்கி ஆகியவற்றையும் கூட்டினால், ஆறடித் தொட்டி பத்துப் பன்னிரண்டு ஆட்கள் ஒரே மூலையில் இரவும் பகலும் நிற்பதற்குச் சமமான பாரமாகும். மாடியில் குடியிருப்போர், நிலத்தின் தாங்குதிறனைக் கட்டடம் அறிந்தவரிடம் கேட்டறியாது இத்தகைய தொட்டியை வைத்தல் தகாது. நான்கடித் தொட்டியையும் உறுதியான சுவரின் ஓரமாகவே வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, நீர். கொழும்பின் குழாய்நீர் களனி கங்கையிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது. மழைவளம் மிக்க மலைச்சாரலிலிருந்து வருவதால் அது மென்னீராகும். ஒஸ்கார், ஏஞ்சல், செவரம் முதலிய தென் அமெரிக்க மீன்களுக்கு இது இயல்பாகவே பொருந்தும். ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளிடையே வாழும் நீலமும் மஞ்சளுமான சிக்லிட் மீன்களோ, உப்புச்சத்துகள் மிகுந்த காரத்தன்மையான வன்னீருக்கு உரியவை. அவற்றுட் பல பாசியைத் தின்று வாழ்பவை. ஊனுணவு மிகுந்தால் நோயுறும். ஆகவே, இவ்விரு கண்டத்து மீன்களையும் ஒரே தொட்டியில் இடுவது ஒருவருக்கு உகந்த உணவை மற்றவருக்கு நஞ்சாக ஊட்டுவதாக முடியும். சுண்ணக்கற் பாறையினூடாக ஊறும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் வன்னீர். அங்குள்ள உறவினர் ஒருவர் மலாவி மீன்களைச் செழிப்பாக வளர்ப்பதைக் கண்டு கொழும்பில் அவ்வாறே செய்ய முற்படுவோர், இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

குழாய்நீரில் கலந்துள்ள குளோரின் மீனின் பூக்களை அரித்துவிடும். அதனை நீக்கும் மருந்தைச் சேர்த்த பின்னரே நீரைத் தொட்டியில் ஊற்றுதல் வேண்டும். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்குமுன் பெருமீன்கள் பலவற்றை ஒருசேர விடுவோர் அவற்றின் மடிவையே காண நேரும். மேலும், வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீர் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்குமாயின், கொழும்புக் கோடையின் 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். 2022-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, காற்றூட்டும் கருவிகளும் வடிகட்டிகளும் நின்றுபோயின. அத்தகைய வேளையில், நெருக்கமாக மீன் நிறைந்த தொட்டியே முதலில் மூச்சுத் திணறும். துணை மீன்களின் தொகையை அளவோடு நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது, சுபாவம். அளவொத்த இரு மீன்கள் குணமொத்தவையாக இருக்க வேண்டுமென்பதில்லை. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிக்லிட் மீனுக்கு ஜாக் டெம்ப்சி என்று பெயர். 1919 முதல் 1926 வரை உலகக் குத்துச்சண்டை வீரராக விளங்கியவரின் பெயரையே, அம்மீனின் முரட்டுக் குணத்தைக் கண்டோர் அதற்கு இட்டனர். நான்கைந்து அங்குலமே வளரும் கொன்விக்ட் என்னும் வரிமீன், குஞ்சு காக்கும் காலத்தில் தன்னிலும் இருமடங்கு பெரிய மீனையும் துரத்தியடிக்கும். ஒஸ்கார், உருவத்தில் பெரிதாயினும், இவற்றோடு ஒப்பிடுகையில் சாதுவே. வேறுவேறு சிக்லிட் இனங்களைக் கலந்து மனிதர் உருவாக்கிய பிளவர்ஹோர்ன் மீனோ எத்துணையையும் பொறாது. 1990-களில் மலேசியாவில் தோன்றி, நெற்றிப் புடைப்பினால் அதிட்ட மீன் என்று புகழ்பெற்ற அதனைத் தனியே வைத்திருப்பதே முறை.

அவ்வாறாயின் ஒஸ்கார் மீனுக்கு உகந்த துணை யாது? வாயில் அடங்காத உடலும், இடத்துக்காகப் போரிடாத குணமும், விரைந்து விலகும் ஆற்றலும் உடைய மீனே உகந்தது. சில்வர் டொலர் என்னும் மீன் அத்தகையது. நாணயம் போல் வட்டமாகவும் உயரமாகவும் அமைந்த அதன் உடலை விழுங்குதல் எளிதன்று. அது மேல்நீரில் கூட்டமாக உலாவுவது. ஆகவே, ஐந்துக்குக் குறையாது சேர்த்து வளர்க்க வேண்டும். அமைதியாக உலாவும் இத்தகைய கூட்டத்தைக் காணும் பெருமீன், அருகில் பகை இல்லையென உணர்ந்து தானும் அச்சம் நீங்கி வெளிவரும் என்பது மீன் வளர்ப்போர் கண்ட உண்மையாகும். சாதுவான செவரம் என்னும் சிக்லிட் மீனும் பெருந்தொட்டியில் ஒஸ்காருடன் வாழக்கூடியது.

சேர்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். இயன்றவரை யாவற்றையும் இளமையிலேயே ஒன்றாக விடுதல் நன்று. இயலாதவிடத்து, சாதுவானவற்றை முதலில் குடியேற்றி, முரடானதை இறுதியில் விடுதல் வேண்டும். பழைய மீன் ஆளும் தொட்டியில் புதியதை விடும்போது, கற்களையும் மரக்கட்டைகளையும் இடம்மாற்றி அமைத்தால், பழைய எல்லைகள் அழிந்து யாவும் புதிதாகத் தொடங்கும். இரு மீன்கள் சோடி சேர்ந்து ஒரு கல்லைத் துலக்கத் தொடங்கினால், அவை முட்டையிடப் போகின்றன என்பது பொருள். அன்றைக்குப் பாதித் தொட்டி அவற்றுக்கு உரியதாகிவிடும். ஏனையவற்றை வேறிடத்துக்கு மாற்ற மற்றொரு தொட்டி ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

துணை என்பதன் தன்மையை இலங்கையின் களப்புகளே நன்கு எடுத்துக்காட்டுகின்றன. இந்நாட்டில் இயற்கையாக வாழும் சிக்லிட் இனங்கள் இரண்டு. ஒன்று மேலே கூறிய கொரலியா. பொதுவாக 20 சென்ரிமீற்றர் வரையும், சிலவேளை அதன் இருமடங்கும் வளர்வது. மற்றையது, மஞ்சட் கொரலியா என்று பொருள்படும் பெயரால் சிங்களத்தில் வழங்கப்படும் சிறிய மீன்; எட்டுச் சென்ரிமீற்றர் அளவினது. இவையிரண்டும் இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் ஒரே நீரில் வாழ்கின்றன. இவற்றுக்கு மிக நெருங்கிய உறவினர் மடகாஸ்கர் தீவில் உள்ளனர். வார்ட், வைமன் என்னும் ஆய்வாளர் இருவர் 1970-களில் இம்மீன்களின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினர். சிறிய மீன், பெரிய மீனின் உடலையும் துடுப்புகளையும் அணுகி, ஆங்கு பற்றிய பூஞ்சையையும் ஒட்டுண்ணிகளையும் கொத்தித் துப்புரவாக்குகின்றது. பெரிய மீன் அதற்கு இசைந்து நிற்கின்றது. ஆனால் அதே சிறிய மீன், வாய்ப்பு நேர்கையில், பெரியதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகின்றது. மருத்துவராய் வருபவரே கள்வராயும் வரக்கூடும் என்பதை அறிந்த பெரிய மீன், குஞ்சு காக்கும் வேளையில் அவரையும் துரத்துகின்றது. இயற்கையே கூட்டிவைத்த துணையிலும் உறவுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை களப்பின் பரப்பினால் காக்கப்படுகின்றது. தொட்டியில் அதனைக் காப்பவர் வளர்ப்பவரேயாவார்.

சிறு வீட்டில் வாழ்வோருக்கு இம்மஞ்சள் மீன் உகந்ததொரு தேர்வுமாகும். மூன்றடித் தொட்டியில் ஐந்தாறு மீன்களை வளர்க்கலாம். சிறிதளவு கடலுப்புக் கலந்த நீரில் அவை நன்கு செழிக்கும். தாயும் தந்தையும் குஞ்சுகளை நடத்திச் செல்லும் காட்சியையும், குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் சளியைக் கொத்தி உண்பதையும் வீட்டிலிருந்தவாறே கண்டு மகிழலாம். ஒஸ்கார் மீது ஆசைகொண்டவர், நான்கடித் தொட்டியில் ஒன்றே ஒன்றை வளர்ப்பது சாலச் சிறந்தது. தனித்த ஒஸ்கார் ஏங்கி வாடுமோ என்று இரங்க வேண்டியதில்லை. அது தன் வளர்ப்பவரை அடையாளம் கண்டு, அவர் வரும்போது கண்ணாடியருகே வந்து நிற்கும்.

தொட்டி துலக்கும் கெளுத்தியைப் பற்றியும் ஒரு சொல். அது பாசியைச் சுரண்டுவது உண்மையே. எனினும், அதுவும் உண்கிறது. அதுவும் கழிவை இடுகிறது. ஓர் அடிக்கு மேலும் வளர்கிறது. வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றும் வேலையினின்று எந்த மீனும் வளர்ப்பவரை விடுவிப்பதில்லை.

இனி, வாளியை ஏந்தி நிற்கும் அத்தந்தையாரிடம் திரும்பலாம். கால்வாயில் விட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும் என்று இரக்கத்தினால் அவர் எண்ணுகின்றார். அது பிழைத்துக்கொள்வதிலேயே ஆபத்து இருக்கின்றது. அமேசன் ஆற்றுக்குரிய அக்கெளுத்தி இனம், தொட்டிகளிலிருந்து வெளியேறி இலங்கையின் நீர்நிலைகளில் இன்று பெருகி வாழ்கின்றது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அலங்கார மீனாக வந்த கத்திமீனும் மேல் மாகாணத்தின் சதுப்பு நிலங்களிலும் ஏரிகளிலும் நிலைபெற்றுவிட்டது; அது சிறுமீன்களை உண்டு வாழ்வது. கொழும்பின் கால்வாய்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. பெருமழைக் காலத்தில் அவற்றின் நீர் எங்கும் பரவுகின்றது. களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையான ஆற்றுப் பிரதேசங்களின் நிழல் படர்ந்த ஓடைகளில், செரி பார்ப் என்னும் சிவந்த சிறுமீன் வாழ்கின்றது. கலாநிதி தெரணியகலை 1929-ஆம் ஆண்டு அதனை உலகுக்கு விவரித்தார். உலகெங்கும் உள்ள தொட்டிகளை அது அலங்கரிப்பினும், அதன் இயற்கை இல்லம் இலங்கை ஒன்றேயாகும். அதனை விழுங்கவல்ல ஒரு மீனை ஆற்றில் சேர்ப்பது, நியோன் மீன்களுடன் ஒஸ்காரைச் சேர்த்த அதே பிழையை ஆற்றளவில் மீண்டும் செய்வதாகும். தொட்டியில் நேர்ந்த பிழையை அடுத்த கிழமை திருத்திக்கொள்ளலாம். ஆற்றில் விட்ட மீனைத் திரும்பப் பிடிக்க எவராலும் இயலாது.

ஆகவே, அத்தந்தையார் செய்யத்தக்கன வேறு உள்ளன. மீனை வாங்கிய கடையிலேயே திருப்பி ஏற்பார்களா என்று கேட்கலாம். பெருந்தொட்டி உடைய அன்பர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். ஒஸ்கார் ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றுக்கு இடம் தேடலாம். இம்முயற்சியில் சிறுவனையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. மீன் வாங்கிய நாளில் அவன் பெற்ற மகிழ்ச்சியைப் போலவே, அதற்கு நல்லிடம் தேடும் பொறுப்பும் அவன் கல்வியின் ஒரு பகுதியாகும்.

மறுமுறை கடைக்குச் செல்லும்போது அச்சிறுவன் விற்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்பானாக. இம்மீன் முழுமையாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் இருக்கும்? எந்த நீரில் பிறந்தது? குஞ்சு காக்கும் காலத்தில் அயலாரை எவ்வாறு நடத்தும்? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர் வாங்குவானாயின், வீட்டு மூலையிலுள்ள அக்கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நெடுநாள் வாழும். வெள்ளவத்தைக் கால்வாய்க்கு வாளி சுமக்கும் வேலையும் எவருக்கும் நேராது.